தடை என்றால் எழுத்தில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத உணர்வைப் புண்படுத்துவதாகச் சொல்லி ஒரு நூலோ கட்டுரையோ தடுக்கப்படும்போதெல்லாம், எழுதியது சரியா தவறா என்பதிலேயே நம் விவாதம் நின்றுவிடுகிறது. தடுத்தவர் யார், எந்த ஆணையின்படி தடுத்தார் என்று கேட்போர் குறைவு. அதைக் கேட்கவே இக்கடிதம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்தாலன்றி அப்பிரிவின்கீழ் குற்றம் நிலைக்காது. அத்தகைய நாளிதழையோ நூலையோ பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால், அதற்கான காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட வேண்டும். அது அரசிதழில் வெளியான இரண்டு மாதங்களுக்குள் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதை விசாரிக்க வேண்டும்.

காரணம் கூற வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயமன்று. இராமாயணம் பற்றிப் பெரியார் எழுதிய நூலின் இந்தி மொழிபெயர்ப்பை 1969-இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தபோது, தன் முடிவுக்கான காரணங்களை ஆணையில் சொல்லவில்லை என்பதற்காகவே அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1976-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இந்தச் சோதனைக்கு அஞ்சித்தானோ என்னவோ, இப்போது பல தடைகள் காகிதத்துக்கே வருவதில்லை. அச்சகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, புத்தகக் கடைக்கு ஓர் ‘அறிவுரை’, இல்லாவிட்டால் வருவாய்த் துறை அலுவலகத்தில் ஒரு சமாதானக் கூட்டம். ஆணை இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அப்படியொரு கூட்டத்தில்தான் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2016 ஜூலை வரை ஆயிற்று. அதற்குள் அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டதாக அறிவித்திருந்தார். எழுத்தில் போட்ட தடையிலும் நம் அலுவலகங்களின் ஒழுங்கு சிரிப்பை வரவழைக்கிறது. சல்மான் ருஷ்டியின் ‘தி சாட்டானிக் வெர்சஸ்’ நாவலை இறக்குமதி செய்யக்கூடாது என்ற 1988-ஆம் ஆண்டு அறிவிக்கையை, 2024 நவம்பரில் வழக்கு முடிவடையும் வரை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எவராலும் காட்ட முடியவில்லை. அப்படியிருக்க, வாய்மொழித் தடைக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

நெல்லையப்பர் கோயிலும், பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத் தேவாலயமும், மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த ஊர் நம்முடையது. இங்கே பணியாற்றும் அதிகாரிக்கு ஒரு துண்டறிக்கைகூடக் கவலை தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. ஆனால், 1849-இல் கால்டுவெல் இவ்வட்டாரத்துச் சமூகம் ஒன்றைப் பற்றி எழுதியதால் புண்பட்டவர்கள், மறுப்பு நூல்களும் விண்ணப்பங்களும் எழுதிப் பல்லாண்டுகள் வாதாடியதும் இதே சீமையில்தான். இந்த மண்ணின் வாசகர்களை அவ்வளவு பலவீனமானவர்களாக அரசு எண்ண வேண்டியதில்லை.

எனவே, மத நூல்கள், துண்டறிக்கைகள் தொடர்பாக அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தரப்படும் எந்த அறிவுறுத்தலும் கையொப்பத்துடனும், சட்டப் பிரிவுடனும், காரணத்துடனும் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் சுற்றறிக்கை விட வேண்டுகிறேன். தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: செய்தி ஒன்றை நிறுத்தச் சொல்லி வாய்மொழியாக யாரேனும் கேட்டால், கேட்டவரின் பதவியையும் தேதியையும் குறித்து, அப்படிக் கேட்டதையே செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.