பச்சைக் கறை

அன்புள்ள குண்டுமணி,

இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். பெரியவன் தேசிய சேவையில் பாதியைத் தாண்டிவிட்டான். சின்னவள் உயர்நிலை இரண்டு. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். உன் தம்பியைப் போன வாரம் தேக்காவில் பார்த்தேன், கை நிறைய முருங்கைக்காயோடு ஓடினான், நின்று பேசவில்லை. ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. இன்று எழுதக் காரணம் இருக்கிறது. அதை எடுத்தவுடனே சொல்ல மனம் வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ பெர்த்துக்குக் கிளம்பும்போது விட்டுப் போன புத்தக அலமாரி ஞாபகம் இருக்கிறதா? லிஃப்டில் நுழையாமல் பத்தாவது மாடியிலிருந்து படி வழியாக இறக்கினோமே, நீ மட்டும் மேலே நின்று “மெல்ல, மெல்ல” என்று கத்திக்கொண்டிருந்தாயே, அதேதான். ஜூன் விடுமுறையில் சின்னவள் அதன் முன்னால் நின்று, “அம்மா, இதைச் சூனியக்காரி அலமாரியா மாத்தலாமா?” என்றாள். கைப்பேசியில் படங்கள் காட்டினாள். நடுக்காட்டில் குடிசை போட்டு மூலிகை காய்ச்சும் ஒரு கிழவியின் அலமாரி போல இருந்தது. தலைகீழாகத் தொங்கும் காய்ந்த தழைகள், பாசி, காளான், பறவை இறகு, பிறைநிலா, கண்ணாடிக் குப்பிகள், நடுநடுவே புத்தகங்கள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இரண்டு மாதம் அதே வேலையாகக் கிடந்தேன்.

அத்தைக்குத்தான் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “விளக்கு வைக்கிற வீட்டில் சூனியமா?” என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அது உறைத்தது. தழையும் வேரும் தெரிந்த கிழவியை நாம் மருத்துவச்சி என்போம், வைத்தியக்காரி என்போம். ஊருக்கு அவள் மேல் பயம் வந்தால்தான் மற்ற பெயர் வரும். உன் அம்மாவையே உன் பெரியப்பா வீட்டார் என்னவெல்லாம் சொன்னார்கள்! நள்ளிரவில் கதவைத் தட்டி ஓமத் தண்ணீர் வாங்கிப் போனவர்களும் அவர்கள்தானே. இதைச் சின்னவளிடம் சொன்னேன். அப்படியென்றால் இது பாட்டி அலமாரி என்று அவளே பெயரை மாற்றிவிட்டாள்.

மறுநாள் அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே வசம்பு. அவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார், “பேர் சொல்லாதது” என்றுதான் சொல்லுவார். கூடவே நிழலில் உலர்த்திய வேப்பிலை. “புத்தகத்துக்கு நடுவில் போடு, இராமபாணப் பூச்சி வராது” என்றார். ஏட்டுச்சுவடிகளைக் காப்பாற்றிய பொருள்கள் அல்லவா இவை! அந்தப் படங்களில் தழை சும்மா அழகுக்குத் தொங்குகிறது. இங்கே அது வேலை செய்கிறது. அதுதான் எனக்கு ஆகப் பெரிய சந்தோஷம்.

குப்பிகளுக்குக் கடைக்கே போகவில்லை. கோடாலித் தைலப் பாட்டில்கள், ஆறு மூலை உள்ள புலித் தைலச் சீசாக்கள், எல்லாம் அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருந்தவை. பூங்காவில் விழுந்து கிடக்கும் காயையும் இலையையும் எடுக்க இங்கே அனுமதி இல்லை என்று உனக்குத் தெரியும், அதனால் தழையெல்லாம் நம் தாழ்வாரத் தொட்டிகளிலிருந்துதான். மணிபிளாண்டைத் தண்ணீர்ச் சீசாவில் வைத்தால் ஏடிஸ் கொசு வரும், அதை மண்ணில் வைத்துத் தொங்கவிட்டேன். பெரிய கண்ணாடிக் குடுவையில் மட்டும் நீயும் நானும் பள்ளிக்கூடத்து வேலியோரம் பொறுக்கிய சாகா விதைகள். நாற்பது வருடம் ஆகப் போகிறது, சிவப்பு கொஞ்சம்கூட மங்கவில்லை. தமிழ்நாட்டில் இதுதான் மஞ்சாடி, தங்கம் நிறுக்க வைத்துக்கொண்டது. சமையல் தராசில் போட்டுப் பார்த்தேன், நான்கு விதை ஒரு கிராம். நூறு விதை தந்தால் யானை கிடைக்கும் என்று சொல்லி என்னிடமிருந்து எத்தனை பிடுங்கினாய் நீ! பாதியை உனக்கு அனுப்ப ஆசைதான். ஆஸ்திரேலியாவுக்குள் விதையை விடமாட்டார்களே.

நிலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னவள் தடித்த அட்டையில் எட்டு நிலா வெட்டினாள், அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை, திரும்பத் தேய்கிற வரை. படத்தில் உள்ளபடி பிறையைச் செங்குத்தாக நிற்க வைத்தாள். அன்று சாயங்காலம் தாழ்வாரத்துக்கு அவளைக் கூட்டிப் போய் நிஜப் பிறையைக் காட்டினேன். படகு மாதிரி மல்லாந்து கிடந்தது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறோம், இங்கே பிறை பெரும்பாலும் அப்படித்தான் படுத்திருக்கும், சிவன் தலையில் இருக்கிற மாதிரி. உள்ளே வந்து பிறைகளை எல்லாம் படுக்க வைத்தாள். உன் ஊரில் வளர்பிறைக்கு இடப்பக்கம் வெளிச்சம் இருக்கும், ஒருநாள் பார்த்துச் சொல்லு, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சரி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு பாசி இல்லையே என்று மனசு கேட்கவில்லை. ஒரு கடையில் பதப்படுத்திய பாசி வாங்கினேன். உயிருள்ள பாசியில் இருக்கும் நீருக்குப் பதிலாகக் கிளிசரினும் சாயமும் ஏற்றியது அது, தண்ணீரே ஊற்ற வேண்டாம், வருடக்கணக்கில் பச்சையாக இருக்கும். கடைக்காரர் அதை மட்டும்தான் சொன்னார். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிசம்பரில் மழை கொட்டிய வாரம், சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு நான்கு நாள் மலாக்கா போனோம். திரும்பி வந்து பார்த்தால் பாசி வியர்த்து, சாயத்தோடு சொட்டுச் சொட்டாகக் கீழ்த்தட்டில் இறங்கியிருக்கிறது.

கீழ்த்தட்டில் உன் அம்மாவின் நோட்டு இருந்தது.

நீ என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன கைவைத்தியக் குறிப்பு நோட்டு. பாட்டி அலமாரியில் அதற்குத்தான் நடு இடம் என்று நானே எடுத்து வைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதவே கை நடுங்குகிறது. என்ன ஆயிற்று என்று மறைக்காமல் சொல்கிறேன். அட்டையின் மேல் மூலையும் முதல் பதினொரு தாளும் நனைந்துவிட்டன. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கறை. பால்பாயின்டில் எழுதியது எல்லாம் அப்படியே இருக்கிறது. மைப் பேனாவில் எழுதிய இரண்டு பக்கம் கலைந்துவிட்டது. ஒன்று மாந்தக் கஷாயம். இன்னொன்று ஓமத் தண்ணீர். அதில் “அடுப்பைத் தணித்து” என்பது வரை வாசிக்க முடிகிறது, அதற்கு மேல் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிட்டன.

வெயிலில் வைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. தாளுக்குத் தாள் மெல்லிய டிஷ்யூ வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, நாளுக்கு மூன்று முறை மாற்றினேன். ஆறு நாளில் காய்ந்தது. பூஞ்சை வரவில்லை, தினமும் முகர்ந்து பார்க்கிறேன். இந்த ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது, அதனால் இப்போது இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். கறை போகாது. பாசியை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். அத்தை பச்சைக் கம்பளி நூலில் பாசி பின்னிக்கொண்டிருக்கிறார்.

கலைந்த அந்த இரண்டு பக்கத்தையும் உனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று நினைக்கிறேன். ஓமத்தை வறுத்த பிறகு அம்மா என்ன செய்வார்கள்? எத்தனை டம்ளர் தண்ணீர்? எழுதி அனுப்பு, அதன் பக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வைக்கிறேன்.

நோட்டை இனி நான் வைத்திருப்பது சரியில்லை என்று நீ நினைத்தால் உடனே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். டிஷ்யூ வைக்கும்போதுதான் பார்த்தேன், கடைசித் தாளுக்கு முன்னால் ஒரு வேப்பங்கொத்து இருக்கிறது, ஏழெட்டு இலை, தாளோடு ஒட்டிப் பழுப்பேறிப் போயிருக்கிறது. அம்மா வைத்ததாகத்தான் இருக்கும். அதோடு அனுப்பினால் உன் ஊரில் பிரித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எடுக்கட்டுமா? எடுத்தால் நான் வைத்துக்கொள்ளட்டுமா?

கோபம் இருந்தால் திட்டியாவது எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
செல்வி