கோட்டை நடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள வேலூர்க்காரர்களுக்கு,

வெளியூர்க்காரர்களுக்கு நம்ம கோட்டையைச் சுற்றிக் காட்டும் ஞாயிறு காலைக் கோட்டை நடை தொடங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல ஆசைதான். நம்ம ஊர் வெயிலில் எத்தனை தெரு ஏறி இறங்குவது? அதனால் இந்த மடல்.

முதல் நன்றி ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கு. நடையைத் தொடங்கிய நாங்கள் ஐந்து பேரும் ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட திட்டத்தை உங்களிடம் கொண்டுவந்து விரித்தோம். வண்ண வரைபடம், பேட்டரி வண்டி எல்லாம் இருந்தது. உங்களில் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்க சார் இருக்கோம்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. "எங்க வண்டியில ஏறுறவங்க பாதிப்பேர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க. டெஸ்ட் கொடுத்துட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் லாட்ஜ் சுவத்தையே பாத்துட்டு இருக்காங்க. அவங்களக் கூட்டிட்டுப் போங்க." பழைய திட்டம் அன்றைக்கே குப்பைக்குப் போனது.

பாபு ராவ் தெரு லாட்ஜ்காரர்கள் வரவேற்பு மேசையில் எங்கள் அறிவிப்பை வைத்தார்கள். அதிலிருந்த வங்காளப் பிழைகளைத் திருத்தித் தந்தவர், மாமியாரின் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு கொல்கத்தா அம்மா. ஊர் திரும்பியிருப்பார். அவருக்கும் நன்றி.

ஜலகண்டேஸ்வரர் கோயில் பூக்கார அக்காக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து மூலவர் கோட்டைக்குத் திரும்பிய கதையை எங்களைவிட நன்றாகச் சொல்பவர்கள் நீங்கள்தான். எங்கள் கூட்டத்தின் செருப்பையும் பார்த்துக்கொண்டீர்கள். பிரதோஷத்தன்று நடை வைத்து நெரிசலில் மாட்டியபோது கிடைத்த திட்டும் நியாயமானதுதான்.

1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியின் கதையைச் சொல்லும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு நாங்கள் ஐந்து பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தோம். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, தாடிக்குத் தடை, நெற்றிக்குறிக்குத் தடை... சிப்பாய்களின் கோபம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வங்காளத்துப் பாரக்பூர்க்காரர் ஒருவர், "எங்கள் ஊரிலும் 1857இல் நடந்தது" என்றார். "ஐம்பத்தோரு வருஷம் லேட் தம்பி" என்றார் ஐயா. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதிப்பேர் நோயையே மறந்திருப்பார்கள்.

அகழியில் பாட்டில் மிதப்பதைப் பார்த்துக் குடிதண்ணீர் கேன் வைத்தவர் டீக்கடை பாய். பாட்டில் விற்றிருந்தால் அவருக்குத்தான் காசு.

லாங் பஜாரில், "உங்க நடையால எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்ட கடைக்காரருக்கும் நன்றி. கேள்வி சரிதான். இப்போது நடை நேதாஜி மார்க்கெட் வழியாகப் போய் அவர் கடைப் பக்கம் முடிகிறது. கழிப்பறை விஷயம்தான் இன்னும் இழுக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், வரும் ஞாயிறு பிரதோஷம். நடை கிடையாது.