சென்சார் மேல் வாயால் ஊதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேமரா பராமரிப்பு பற்றி உங்கள் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தால் லென்ஸையும், கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரையும் ஒரே மாதிரி துடைக்கலாம் என்று தோன்றுகிறது, அது சரியில்லை. லென்ஸின் முன்கண்ணாடித் தூசி படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது, அதைத் தினமும் தேய்ப்பதில்தான் கெடுதல் அதிகம். சென்சார் தூசியோ எந்த லென்ஸை மாட்டினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். லென்ஸின் துளையை எஃப்/16 என்று சிறிதாக வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். (படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும், பிம்பம் தலைகீழாகத்தானே விழுகிறது.)

நாம் துடைப்பது உண்மையில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியைத்தான், ஆனால் அதில் கீறல் விழுந்தாலும் செலவு செலவுதான். முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு, மெனுவில் சுத்தம் செய்யும் நிலைக்குப் போய், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று சில சமயம் திரவத்தையே துப்பிவிடும். ஒட்டிக்கொண்ட தூசிக்கு மட்டும் சென்சார் அகலத்துக்கேற்ற ஸ்வாப் (தட்டையான துடைப்புக் குச்சி), ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் என்றால் 24 மி.மீ., அதில் இரண்டு சொட்டு சென்சார் துடைக்கும் திரவம். ஒரு இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரு இழுப்பு, அப்புறம் குப்பைக்கூடை. காசைப் பார்த்து அதையே மறுபடி பயன்படுத்துகிறவர்களை என்ன சொல்வது!

லென்ஸுக்குத் திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடி மேல் நேராக விட்டால் ஓரம் வழியே உள்ளே இறங்கிவிடும். சட்டை நுனி வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்