ஆறா, மலையா?

மாப்ளே,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? குண்டன் பணத்தைத் திருப்பினானா என்று நான் கேட்கப்போவதில்லை.

போன ஞாயிறு போர்ட்லேண்டிலிருந்து மவுண்ட் ஹூட் போகும் வழியில் லாரல் ஹில்லில் காரை நிறுத்தினேன். பேருக்குத்தான் லாரல், அங்கே இருப்பது ரோடோடென்ட்ரான் என்ற வேறு செடி. இலையைப் பார்த்து ஏமாந்து வைத்த பெயராம். 1840-களில் அமெரிக்காவின் மேற்கே குடியேற ஒரிகான் பாதை என்ற நெடுவழியில் வந்தவர்கள் மாட்டுவண்டிகளை இறக்கிய சரிவு அது. மரத்தில் கயிற்றைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறார்கள். சிலர் வெட்டிய மரத்தை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுபட விட்டார்கள், அதுதான் பிரேக். எனக்குப் புது ஷூ இருந்தும் பாதிச் சரிவை உட்கார்ந்தபடியே இறங்கினேன். சிரிக்காதே, ஏற்காட்டில் நீ கண்டுபிடித்த குறுக்குவழியைவிட இது மேல்.

ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் வந்த பிறகு, தி டால்ஸ் என்ற ஊரில்தான் அவர்களுக்குத் தலைவலி. வண்டியைக் கழற்றித் தெப்பத்தில் ஏற்றி கொலம்பியா ஆற்றில் விடலாம். இல்லாவிட்டால், 1846-லிருந்து, சாம் பார்லோ போட்ட இந்த மலைப்பாதை. வண்டிக்கு 5 டாலர் சுங்கம், மாட்டுக்குத் தலைக்கு 10 சென்ட். கையில் காசே இல்லாமல் வந்து சேர்ந்தவர்களிடம்!

ஆனால் எனக்குத் தூக்கம் போனது வேறொன்றால். 1843-ல் அந்த ஆற்றில் படகு கவிழ்ந்து அப்படிக் குடியேற வந்த ஜெஸ்ஸி ஆப்பிள்கேட்டுக்கு ஒரு மகன் போனான், அவர் அண்ணன் லிண்ட்ஸேக்கு ஒரு மகன். சின்னப் பையன்கள். இனி யாருக்கும் இது வேண்டாம் என்று 1846-ல் அண்ணன் தம்பி இருவருமே தெற்கே வேறு வழி தேடிப் போனார்கள். கிடைத்தது. ஜெஸ்ஸி, வண்டிகள் வரும் வழியில் இருந்த ஃபோர்ட் ஹால் என்ற வணிகக் கோட்டை வரைக்கும் போய், இந்தப் பக்கம் வாருங்கள் என்று ஜனங்களை அழைத்தார். வந்தவர்கள் மழையில், குறுகலான பள்ளத்தாக்கில் சிக்கி, மாடும் வண்டியும் இழந்தார்கள், சிலர் உயிரையும். பழி முழுக்க ஜெஸ்ஸி மேல்.

உன் பையனைப் படிக்க இங்கே அனுப்பலாமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தாய். நான் வாயைத் திறக்காததற்கு வேலை காரணமில்லை, மாப்ளே. வா என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

சரி, அவனையே என்னிடம் பேசச் சொல். ஞாயிறு காலை உங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிட்டால், நான் இங்கே சனி இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்காதே.

உன்
ஒட்டடைக்குச்சி