ஆலோசகர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

"நல்லதையே நினையுங்கள்" என்று சொல்லி அனுப்புவதற்குப் பெயர் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்ற உதவும் உளச்சிகிச்சை) இல்லை. இதை உங்கள் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாலு பேர் முன் பேச எழுந்தாலே நா வறண்டுபோகும் பயத்தோடு பல வருடம் இருந்தவன் நான். முதலில் பார்த்த ஆலோசகர் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். இடப்பக்கம் தவறான எண்ணம், வலப்பக்கம் சரியான எண்ணம். "எல்லாரும் சிரிப்பார்கள்" என்று எழுதினேன். எதிரே "யாரும் சிரிக்கமாட்டார்கள்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன், துளியும் நம்பவில்லை. நம்ப முடியாததும் என் குறைதான் என்று நினைத்து மூன்றாவது சந்திப்போடு நின்றுவிட்டேன்.

இரண்டாமவர் என் எண்ணத்தோடு வாதாடவே இல்லை. "பத்துப் பேர் இருந்தால் எத்தனை பேர் சிரிப்பார்கள்? அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்று கேட்டார். எட்டுப் பேர், 90 என்றேன். பேசும்போது தப்பித்துக்கொள்ள என்னவெல்லாம் செய்வேன் என்று அடுத்துக் கேட்டார். வரிக்கு வரி மனப்பாடம் செய்வேன், தாளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். சொல்லும்போதே உறைத்தது: யார் முகத்தையும் பார்க்காத எனக்கு அவர்கள் சிரித்தது எப்படித் தெரியும்?

அந்த வார வீட்டுப்பாடம், தாள் இல்லாமல் ஐந்து நிமிடம் பேசி, சிரிக்கும் முகங்களை எண்ணுவது. குரல் நடுங்கத்தான் செய்தது. இருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கேள்வி கேட்டார். சிரித்தவர் எவருமில்லை. 90 அன்று 50 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் அந்த 50 யாரோ எழுதச் சொன்னதல்ல, நானே கண்ணால் பார்த்துப் போட்டது.

இந்தச் சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தொடங்கிவைத்ததும் இதைத்தான். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அவர், மனச்சோர்வில் இருப்பவர்களின் மனதில் சட்டென்று தோன்றி மறையும் எண்ணங்களைக் கவனித்தார். அவற்றைப் பொய் என்று தள்ளாமல், சோதித்துப் பார்க்கவேண்டிய ஊகங்களாக எடுத்துக்கொண்டார். சோதிக்கும் வேலை ஆலோசகர், வந்தவர் இருவருக்குமே உரியது. 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட ஆய்வையும் பாடத்தில் சேருங்கள். மனச்சோர்வுக்கு, விட்டுப்போன செயல்களை மீண்டும் தொடங்கவைக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது. எண்ணத்தை மட்டும் பிடித்துத் தொங்குகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

இன்னொன்று. எல்லாத் துன்ப எண்ணமும் திரிபு இல்லை. அடிவாங்கும் பெண் "அவன் இன்றும் அடிப்பான்" என்று சொன்னால் அது உண்மை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அங்கே தாளை நீட்டுவது கொடுமை.

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவரைக் கடிந்துகொள்ளாமல், எது தடுத்தது என்று கேட்கப் பழக்குங்கள். பல நேரம் நோயின் முடிச்சு அந்தப் பதிலில்தான் இருக்கும். ஒவ்வொரு மாணவரும் தன் பயம் ஒன்றை எடுத்து, எண் போட்டு, வெளியே போய்ச் சோதித்துவிட்டு வரட்டும். அதன்பிறகு இன்னொருவர் எதிரில் உட்காரட்டும்.

அன்புடன்,
சிகிச்சை பெற்று மீண்ட ஒருவன்