தம்பிக்கு: அனிமேவை விட்டுவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி போன் பண்ணியிருந்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "அவன் இப்பல்லாம் அந்த ஜப்பான் படம் பாக்குறதே இல்லடி, ஏன்னு கேட்டா எரிஞ்சு விழறான்" என்றார். பையன் இனிமேல் பாடத்தைப் பார்ப்பான் என்ற சந்தோஷம் அவர் குரலில் கொஞ்சமும் இல்லை. உன்னிடம் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இதே காரணத்துக்காகப் பிடித்ததை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சேலத்தில் நீ ஒருவன் மட்டும் இருக்க மாட்டாய்.

நடந்ததைப் பாப்பா சொன்னாள். டீமன் ஸ்லேயர் என்ற அனிமேயின், அதாவது ஜப்பான் அனிமேஷன் தொடரின், 'இன்ஃபினிட்டி கேஸில்' படத்தைத் தமிழில் பார்த்ததாக உன் அனிமே குரூப்பில் போட்டிருக்கிறாய். "டப்பிங்ல பாத்ததெல்லாம் கணக்குல வராது" என்று ஒருவன் ஆரம்பிக்க, இன்னொருவன் உன் பழைய பதிவையெல்லாம் தோண்டி எடுத்துக் கலாய்க்க, ராத்திரி முழுக்க மீம் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு நீ குரூப்பை விட்டாய். அது சரி. ஆனால் கூடவே அனிமேவையும் விட்டுவிட்டாய். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீ ஏன் தமிழில் பார்த்தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆயாவால் சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா? 2025 செப்டம்பரில் அந்தப் படம் தமிழிலும் வெளியானதால்தான் அவர் தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தலைகீழாகத் தொங்கும் அந்தக் கோட்டையும் வாள்சண்டையும் அவருக்கு ஒட்டவில்லை என்றாய். அகாசா என்ற அரக்கன் மனிதனாக இருந்த காலத்துப் பழைய கதை தொடங்கியதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கப் பிக்பாக்கெட் அடிக்கும் பையன். மாட்டும்போதெல்லாம் கையில் பச்சை குத்தி அனுப்புகிறார்கள். தன்னால்தான் பிள்ளை திருடனாகிறான் என்று அப்பா தூக்கு மாட்டிக்கொள்கிறார். பிறகு ஒரு ஆசான் அவனுக்கு வீடு கொடுக்கிறார், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் மகளைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார். அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கும் அந்த இடம். வாணவேடிக்கை இந்த வருடம் பார்க்க முடியாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது. அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஆசான் வீட்டுக் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்றதும் ஆயா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இவனப் போயி அரக்கன்னு சொல்றாங்களே கண்ணு" என்றாராம்.

இதைச் சொன்னது நீதான். சொல்லும்போது உனக்கும் குரல் கம்மியது. ஆயா பார்த்ததற்கு மேல் அந்தப் படத்தில் ஒருவர் என்ன பார்த்துவிட முடியும்? அது கணக்கில் வராது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் குறை சொல்பவர்கள் எல்லோரையும் எதிரியாக நினைக்காதே. 'சண்டை உச்சத்தில் இருக்கும்போது இவ்வளவு நீளமான பழைய கதை வந்து வேகத்தை அறுத்துவிடுகிறது' என்று ஒருவர் சொன்னால், அதில் விஷயம் இருக்கிறது. உட்கார்ந்து பேசலாம், எனக்கே அந்த எண்ணம் பாதி உண்டு. அவர் திரையைக் காட்டிப் பேசுகிறார். உன் குரூப்பில் நடந்ததில் திரையே இல்லை. நீ யார், எப்போதிலிருந்து பார்க்கிறாய், எந்த மொழியில் பார்க்கிறாய், மாங்கா என்கிற மூலக் காமிக்ஸைப் படித்தவனா என்ற விசாரணைதான் நடந்தது.

அந்த விசாரணை பார்ப்பவனுக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதுதான் என் பயம். அடுத்த எபிசோடைப் போடும்போதே, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று கேஸ் கட்டைப் புரட்டும் வக்கீல் மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அனிமேஷன் குறைந்த இடம் எது, மூலக்கதையில் இல்லாத ஃபில்லர் எது, யார் யாரை அடிப்பான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவதில்லை. நீ அலுத்துப்போனது கதையால் இல்லை என்றே நினைக்கிறேன். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அலுத்திருப்பாய்.

'ஒன் பீஸ்' மாங்கா பெரியதா 'நாருட்டோ' மாங்கா பெரியதா என்று பிள்ளைகள் வருஷக்கணக்கில் முட்டிக்கொள்கிறார்களே, அந்த இரண்டையும் வரைந்தவர்கள் செய்ததைக் கேள். இரண்டும் ஒரே வாரப் பத்திரிகையில், ஷோனன் ஜம்ப்பில், பக்கத்துப் பக்கத்தில் வந்தவை. 2014 நவம்பரில் நாருட்டோ முடிந்தபோது, அதன் கடைசி அத்தியாயத்தில் ஊர்த் தலைவர்களான ஹொகாகேக்களின் முகம் செதுக்கிய மலையில் ஒன் பீஸின் வைக்கோல் தொப்பிக் கொடிச் சின்னத்தை நாருட்டோவை வரைந்த கிஷிமோட்டோ கிறுக்கலாக வரைந்து வைத்தார். அதே சமயம் ஒன் பீஸை வரையும் ஓடா தன் அத்தியாயத்தின் வண்ணப் பக்கத்தில் தன் நாயகன் லூஃபியின் கூட்டத்தோடு நாருட்டோவையும் சாப்பிட உட்கார வைத்து, சுவரில் தொங்கும் மெனுவின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'நாருட்டோ, இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி' என்று வரும்படி ஒளித்து வைத்தார். வாரா வாரம் முதலிடத்துக்குப் போட்டி போட்ட இரண்டு பேர் இப்படித்தான் விடைகொடுத்துக்கொண்டார்கள். இது தெரிந்த பிறகு அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி. 1950-ல் 'மந்திரி குமாரி'யில் எம்.ஜி.ஆர். நடித்தார், 1953-ல் 'திரும்பிப் பார்' படத்தில் சிவாஜி நடித்தார். இரண்டுமே மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள், இரண்டுக்குமே கலைஞர் வசனம். ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கிய இரண்டு பேருக்காக வெளியே ஒரு தலைமுறையே இரண்டாகப் பிரிந்து நின்றது. தாத்தா கடைசிவரை சிவாஜி கட்சி. ஆனாலும் எம்.ஜி.ஆர். பாட்டு ரேடியோவில் வந்தால் நிறுத்த மாட்டார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

கூட்டம் என்றாலே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. 2019-ல் இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்ததே ரசிகர்கள் போட்ட மனுவால்தான். 50,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருடம் ஜூலையில் கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு ஒருவன் தீ வைத்து 36 பேர் இறந்தபோது, உலகம் முழுக்க இருந்து 300 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை போய்ச் சேர்ந்தது. பெயரே தெரியாத வரைகலைஞர்களுக்காக அழுதவர்களும் ரசிகர்கள்தான். உன்னை அன்று கலாய்த்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் சத்தம் பெரிது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்யலாம்? பார்ப்பதற்கு முன்னாலும் பார்த்த அன்றைக்கும் யார் சொல்வதையும் படிக்காதே. மனசில் என்ன நின்றது என்று உனக்கே முதலில் தெரியட்டும். பேச ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், பாப்பா இருக்கிறாள், ஆயா இருக்கிறார். கூட்டமாக வேண்டியதில்லை.

சண்டை வாசனையே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் 'முஷிஷி' பார். 2005-ல் வந்தது, 26 எபிசோடு. கின்கோ என்று ஒரு நாடோடி வைத்தியன் மலை மலையாகப் போகிறான், ஒவ்வொரு எபிசோடும் ஒரு தனிக்கதை. வில்லன் கிடையாது, யார் பலசாலி என்று கேட்க அதில் இடமே கிடையாது. ஐப்பசியில் எங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் மூடுபனி இறங்கும்போது, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் முதலில் நீ பாதியில் நிறுத்திய 'ஹைக்யூ' வாலிபால் தொடரை முடி. மூன்றாவது சீசன் முழுக்க, பத்து எபிசோடும், ஒரே வாலிபால் மேட்ச். அதில் வரும் சுகிஷிமாவை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பாய். உயரம், திறமை எல்லாம் இருந்தும் 'வெறும் கிளப் விளையாட்டுதானே' என்று ஒதுங்கி நிற்பவன். அவன் அப்படி ஆனதற்கு அவனுடைய அண்ணன் காரணம். டீமில் தான்தான் நட்சத்திரம் என்று தம்பியிடம் சொல்லி வந்த அண்ணன், ஆடவே வாய்ப்பில்லாமல் காலரியில் நின்று கத்திக்கொண்டிருந்ததைச் சின்ன வயதில் அவன் பார்த்துவிட்டான். இவ்வளவு ஆசைப்பட்டால் இவ்வளவு வலிக்கும் என்று அன்றே முடிவு செய்துவிட்டான். பிறகு பொகுட்டோ என்ற வேறு பள்ளிக்காரன் அவனிடம் சொல்வான், உனக்கென்று ஒரு நொடி வரும், அது வந்தால் அன்றைக்குத்தான் உனக்கு வாலிபால் பைத்தியம் பிடிக்கும் என்று. நான்காவது எபிசோடில் எதிரணி நட்சத்திரம் உஷிஜிமாவின் ஸ்பைக்கை அவன் தடுக்கும் இடத்தில் இசையைக் கவனி, அவன் கையைக் கவனி. எப்போதும் அலட்சியமாகத் தொங்கும் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார். காலரியில் அவனுக்குத் தெரியாமல் வந்து நிற்கும் அண்ணனையும் பார்.

அதுவரை பார்த்துவிட்டுப் போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா
ஏற்காடு