1951ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல் கோரி மனு

அனுப்புநர்:
தாயாரின் சார்பில் அவருடைய மகள்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமைப் பதிவாளர் அவர்கள்,
பிறப்பு, இறப்புப் பதிவகம்,
குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம்,
சிங்கப்பூர்.

பொருள்: தாயாரின் பிறப்புப் பதிவைப் பழைய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடி, சான்றளிக்கப்பட்ட நகல் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. 1951 ஜனவரி பிற்பகுதியில், தைப்பூசம் முடிந்த மறுநாள், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தார். இதுவரை அவரிடம் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. அடையாள அட்டை இருந்தது, அதை வைத்தே கல்யாணப் பதிவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கடப்பிதழ் எல்லாம் நடந்தன. இப்போது முதல் முறையாக அது தேவைப்படுகிறது.

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் என் தாய்மாமா காலமானார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்திலிருந்து சேர்ந்த மத்திய சேமநிதிப் பணம் தனக்குப் பின் யாருக்கு என்று நியமிக்காமலே போய்விட்டார். நியமனம் இல்லாவிட்டால் அந்தத் தொகை பொது அறங்காவலர் என்ற அரசு அதிகாரி வழியாகத்தான் உரியவருக்குப் போகும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் யாரும் இல்லாத நிலையில் சட்டப்படி அது உடன்பிறந்தவருக்குச் சேரும். மாமாவுக்கு உடன்பிறந்தவர் என் அம்மா ஒருவர்தான். இருவருக்கும் தாய் தந்தை ஒன்றே என்று காட்ட இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். மாமாவுடையது கையில் இருக்கிறது, அம்மாவுடையது இல்லை.

அது எப்படித் தொலைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது தாத்தா வீடு பொத்தோங் பாசிர் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்தது. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பெய்த மழையைப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 512 மில்லிமீட்டர். காலாங் ஆறு கரை புரண்டு, இருட்டில் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின் ஒன்றில் குடும்பத்தின் தாள்கள் அத்தனையும் இருந்தன. மூன்றாம் நாள் டின் கிடைத்தது. திறந்து பார்த்தால், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்ணாக்கு மாதிரி கட்டியாகிவிட்டன. பாட்டி அதை வெயிலில் காயவைத்துக் கத்தியால் பிரிக்கப் பார்த்தாராம், ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. மாமாவின் சான்றிதழ் தப்பியதற்குக் காரணம், வேலை விண்ணப்பத்துக்காக அவர் அதைக் கையோடு எடுத்துப் போயிருந்ததுதான்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். தாத்தாவின் பெயர் நடுவில் ஒரு ‘ழ’ வருகிறது. மாமாவின் 1948ஆம் ஆண்டுச் சான்றிதழில், சாய்வான மைக்கையெழுத்தில், எழுத்தர் அதை ஆங்கில ‘எல்’ போட்டு எழுதியிருக்கிறார். அம்மாவின் அடையாள அட்டையிலோ அதே தந்தையின் பெயர் ‘ஒய்’ எழுத்தோடு இருக்கிறது. அட்டைக்குப் பதியப் போனபோது விவரம் சொன்னது பாட்டி. அவர் பேச்சில் ‘பழம்’ எப்போதும் ‘பயம்’தான். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். அவர் மேல் பிழை சொல்ல என்ன இருக்கிறது? தமிழ் தெரியாத ஒருவரால் ‘ழ’வை வேறு எப்படித்தான் பிடிக்க முடியும்? ஆனால் இன்றைய கணினித் தேடலில் ஓரெழுத்து மாறினாலும் பதிவு கிடைக்காமல் போகலாம். அதுதான் எங்கள் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் பெயர் பதிவேட்டில் இல்லாமலே இருக்கக்கூடும். 1966இல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவங்கள் பார்த்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய மருத்துவமனை அது. 1951லும் கூட்டத்துக்குக் குறைவில்லை, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பாட்டி சொல்வார். எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது முப்பதாம் நாளில். அதற்கு முன்பே தாத்தா போய்ப் பதிந்திருந்தால், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருக்கும். அம்மாவின் பெயரை வைத்துத் தேடிவிட்டு “பதிவு இல்லை” என்று முடிவு செய்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, தாய் தந்தை பெயர்களை வைத்து, ‘எல்’, ‘ஒய்’, இன்று ‘ழ’வுக்குப் போடும் ‘இசட்-எச்’ என்ற மூன்று எழுத்துக்கூட்டல்களிலும், 1951 ஜனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுகளில் தேட உத்தரவிட வேண்டும். பிறந்த நாளும் பதிந்த நாளும் வேறாக இருக்கலாம் என்பதால்தான் மார்ச் வரை கேட்கிறேன். பதிவு கிடைத்தால், பெற்றோர் பெயர்கள் தெளிவாகத் தெரியும்படி சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று தர வேண்டும். பெயர் இடம் வெறுமையாக இருந்தாலும் அப்படியே தாருங்கள். அதை அடையாள அட்டையோடு பொருத்திக் காட்ட என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும், உறுதிமொழிப் பத்திரம் தரவும் அம்மா தயாராக இருக்கிறார். 2022 மே 29 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு மின்னிலக்கச் சான்றிதழ் நொடியில் கைக்கு வந்துவிடுகிறது, மகிழ்ச்சிதான். கையால் எழுதிய பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு மனிதர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால்தான் வழி பிறக்கும்.

அம்மாவுக்குச் சிங்பாஸ் என்ற அரசு இணையச் சேவைக் கணக்கு இருந்தாலும் திரையில் படிவம் நிரப்பத் தடுமாறுகிறார், சான்றிதழ் எண்ணும் தெரியாது. அவர் சார்பில் நான் விண்ணப்பிக்க அனுமதி வேண்டும். அவர் ஒப்புதல் கடிதம், அடையாள அட்டை நகல், மாமாவின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கட்டணம் எவ்வளவானாலும் செலுத்துகிறோம்.

மாமாவின் சான்றிதழை அம்மா இப்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். “அண்ணன்தான்னு சொல்ல எனக்கு ஒரு தாள் வேணுமா?” என்று முதல் வாரம் கோபப்பட்டார். அப்புறம் ஒருநாள், தன் தாளில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கும் என்று என்னிடம் கேட்டார். அவர் அதைப் பார்த்ததாக நினைவே இல்லையாம். நேரில் வரச் சொன்னால், வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளிலும் அம்மாவை அழைத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகள் (தாயாரின் கைநாட்டும் ஒப்பமும் இணைப்பில்)